ரிக் வண்டிப் பழக்கத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோனது

பைபாஸில் மேம்பாலம் கட்டுகிறோம் என்று நாலு ரோடும் சேருகிற இடத்தைத் தோண்டிப் போட்டார்களே, சேலம் பஸ்ஸெல்லாம் எங்கள் தெரு வழியாகத் திரும்பிப் போனதே, அந்த வருஷம். தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பஸ் கணக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் பஸ்ஸுக்கு மெயின் ரோடு வரை நடந்த பொம்பளைகள், வாசல் கூட்டி முடித்த கையோடு அப்படியே கையைக் காட்டி பஸ் ஏறினார்கள். ஒரு பஸ் டீக்கடையின் தகரக் கூரையைப் பெயர்த்துக்கொண்டே போய்விட்டது. கடைக்காரர் பின்னால் ஓடிப்போய் வாங்கி வந்தார். அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் போன் வந்தது. என் மகனுக்குக் கப்பலில் கால் முறிந்துவிட்டது.

நான் கப்பலைப் பார்த்தவன் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரிக் வண்டி, போர்வெல் போடுகிற லாரி. எங்கள் பக்கத்தில் எந்த ஊட்டைத் தட்டினாலும் ரிக்கில் போனவன் ஒருத்தன் இருப்பான். எனக்கு மீசை முளைத்தது ரிக்கில், நரைத்ததும் ரிக்கில். பள்ளிக்கூடம் பக்கம் போகாததால் ஊர் போர்டைப் படிக்கத் தெரியாது. மண்ணைப் பார்த்தால் எந்த மாநிலம் என்று சொல்லிவிடுவேன். அது இப்போது வேண்டாம்.

மகன் ஐடிஐயில் வெல்டிங் படித்தான். ரிக் கட்டுகிற பட்டறையில் சில வருஷம் வேலை பார்த்தான். என்னோடு வண்டியிலும் வந்தான். பிறகு அவனுடைய கூட்டாளி ஒருத்தன் சொல்லி, ஏதேதோ பரீட்சை எழுதி, கப்பலில் ஃபிட்டராகப் போனான். கப்பலில் இரும்பு ஒட்டுவது, அறுப்பது, கழற்றிப் பூட்டுவது எல்லாம் அவன் வேலை. போகும்போது அவன் அம்மா கேட்டாள், "ஏஞ்சாமி, தண்ணிக்குள்ள போயி என்னத்தப் பத்த வெப்பே?" அவன் சிரித்தான்.

இஞ்சின் ரூமில் கனமான வால்வு ஒன்றைச் செயின் பிளாக்கில் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். செயின் பிளாக் என்பது கையால் சங்கிலி இழுத்துப் பாரம் தூக்குகிற சாமான். பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கொக்கியில் பாரம் நழுவாமல் இருக்க ஒரு நாக்கு இருக்கும். அந்த நாக்கு அதில் இல்லை. கப்பல் ஆடியது, வால்வு நழுவியது, முழங்காலுக்குக் கீழே எலும்பு போய்விட்டது. அடுத்த துறைமுகத்தில் இறக்கி, அங்கே ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து, விமானத்தில் அனுப்பினார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் பேசினான்.

"அப்பா, வெசனப்படாதீங்க. கேப்டன் வந்து கேட்டாருங்க. நாந்தான் கவனிக்கில, தப்பு என் மேலதான்னு சொல்லிட்டேன்."

"நல்லது பண்ணுனே சாமி," என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் தெருவே கேட்டது. எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர், அவரும் ரிக் வண்டிக்காரர்தான், "வளத்த வளப்பு அப்படி" என்று என் தோளைத் தட்டினார்.

இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன். ரிக்கில் அடிபட்டால் முதலாளியைக் கைகாட்டக் கூடாது. கம்பி தேய்ந்திருந்தது, ராடு வளைந்திருந்தது என்று ஒரு வார்த்தை வராது. "நாந்தானுங்க பாக்காம உட்டுட்டேன்" என்போம். போலீஸ் கேட்டாலும் அதேதான். முதலாளி அதைக் காதில் போட்டுக்கொள்வார். அப்புறம் அடிபட்டவனை அவர் விட்டுவிட மாட்டார். ராஜஸ்தானில் என்னோடு இருந்த ஒருத்தனுக்கு ராடு விழுந்து கை நசுங்கிப் போனது. அவனும் அப்படித்தான் சொன்னான். முதலாளி அவனை ஈரோட்டு ஆஸ்பத்திரியில் போட்டுப் பார்த்தார். பிறகு தன் பட்டறை வாசலில் பீடா கடை வைத்துக் கொடுத்தார். அவன் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் பரிமாறியதும் அவர்தான். நான் சாப்பிட்டேன், அதனால் தெரியும். அந்தக் கல்யாணத்தில் போட்ட அரிசியும்பருப்புச் சோறு மாதிரி நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மகன் வீட்டுக்கு வந்தான். வந்து நாளாகியும் காலை ஊன்ற முடியவில்லை. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோனோம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர், எலும்பு சேரவே இல்லை என்றார். மறுபடி திறக்க வேண்டும், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து இடையில் வைக்க வேண்டும், சீக்கிரம் செய்யாவிட்டால் இவன் ஆயுசுக்கும் ஊன்றுகட்டையோடுதான் நடப்பான் என்றார். பெரிய ஆபரேஷன். எங்களால் ஆகிற காரியம் இல்லை. நிற்க முடியாத வெல்டருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

கப்பலுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனிக்கு மருமகள் போன் செய்தாள். சென்னையிலிருந்து ஒரு ஆள் காரில் வந்தார். நல்ல மனுஷன் மாதிரித்தான் பேசினார். பழம் வாங்கி வந்திருந்தார்.

"சாரே சொல்லியிருக்காருங்க, தன்னோட கவனக்குறைவுன்னு. அதனால கம்பெனி மேல பொறுப்பு வராது. இருந்தாலும் மனிதாபிமானத்துல ஒரு தொகை கொடுக்கச் சொல்லியிருக்காங்க. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

எனக்குப் போட்டுவிடலாம் என்றே தோன்றியது. முதலாளி ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார், பழம் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். மருமகள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவள் நூல் மில்லில் சூப்பர்வைசர். ஒரு ஷிஃப்ட் பெண்கள் அத்தனை பேரையும் மேய்ப்பவள்.

"தொகை கெடக்கட்டும்ங்க. காலு யாரு பாக்கறது?"

"அதெல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே வந்துடும் மேடம்."

"ஆபரேசனுக்கே பத்தாதுங்களே. பண்ணியும் காலு நேராகுலீன்னா?"

"கையெழுத்துப் போட்டுட்டா அதுக்கப்புறம் யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல மேடம், ரெண்டு பக்கமும் நிம்மதி."

"எங்களுக்குக் கேக்க வேண்டி இருக்குதுங்களே," என்றாள். "மொதல்ல காலு. அப்பறம் கையெழுத்து. மோரக் குடிங்க."

அவர் மோரைக் குடித்துவிட்டுப் போனார். எனக்கு வருத்தம். "முதலாளி மனசு கோணாதா அம்மணி?" என்று கேட்டேன்.

"மாமா, ரிக் மொதலாளி ஊட்டு வாசல்ல நீங்க போயி நின்னா உள்ள கூப்புட்டு ஒக்கார வெப்பாரு. இந்தக் கப்பல் மொதலாளி ஊடு எங்கிருக்குதுன்னு சொல்லுங்க. நானும் வாரேன், போயி நிப்போம்."

நான் மகனிடம் திரும்பி, "உங்க மொதலாளி எந்தூரு கண்ணு?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. கப்பலில் கட்டியிருந்த கொடி ஒரு நாட்டுடையது, கம்பெனி இன்னொரு நாட்டில், கேப்டன் வேறொரு நாடு. முகம் தெரியாத ஒருத்தருக்காகத்தான் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது. அவன் சொன்னதைக் கப்பலில் எழுதியே வைத்துக்கொண்டிருப்பார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தேன்.

நாமக்கல் கோர்ட்டுக்கு எதிரில் லாரி ஆக்ஸிடென்ட் கேஸ் பார்க்கிற வக்கீல் ஒருவர் உண்டு. எங்கள் ஆட்களுக்கு வக்கீல் என்றாலே அவர்தான். போய் உட்கார்ந்ததும் பேனாவை எடுத்தார்.

"வண்டி நம்பர் சொல்லுங்க."

"கப்பலுங்க."

"எந்த டிராவல்ஸு?"

"டிராவல்ஸ் இல்லீங்க. தண்ணில போற கப்பலுங்க."

பேனாவை மூடி வைத்தார். "அப்ப எஃப்ஐஆர் எந்த ஸ்டேஷன்ல போட்டாங்க? கடல்ல ஏது ஸ்டேஷன்?" என்று அவரே கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். நல்ல மனுஷன். தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேசவில்லை. "எனக்கு ரோட்டுலதானுங்க சட்டம் தெரியும். எங்கூடப் படிச்ச அம்மா ஒருத்தங்க சென்னையில கப்பல்காரங்க கேஸ் மட்டும்தான் பாக்கறாங்க" என்று அப்போதே போன் போட்டுக் கொடுத்தார். அந்த வக்கீலம்மா போனிலேயே பேசலாம் என்றார். போனில் அரைகுறையாகக் கேட்டுத்தானே நல்லது பண்ணினான் என்றேன், இந்தத் தடவை நேரில்தான் வருவோம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

மகனைக் காலோடு எப்படிக் கொண்டுபோவது? பஸ்ஸில் குலுங்கும். என்னோடு ரிக்கில் இருந்த ஒருத்தன் இப்போது சென்னைக்கு முட்டை லாரி ஓட்டுகிறான். "என்ற வண்டில ஏத்துப்பா," என்றான். "முட்டைக்கு ஓட்டற ஓட்டு ஓட்டறேன். உம்பட பையன் காலுல எச்சா ஒரு கீறல் உழுந்தா என்னையக் கேளு." அவன் சொன்னபடியே ஓட்டினான். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் கும்பிடு போட்டு ஏறி இறங்கினான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற நீளப் பலகையில் மகன் படுத்துக்கொண்டான். நானும் மருமகளும் முன்னால்.

பகலில் நகரத்துக்குள் லாரி போகக் கூடாது என்று ஊருக்கு வெளியே முட்டை இறக்குகிற மொத்தக் கடைக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வக்கீலம்மாவிடம் போனில் சொன்னதும், "அங்கேயே இருங்க, அவரை இறக்க வேண்டாம், நான் வரேன்" என்றார். ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். காலி முட்டை அட்டைகளைத் தாண்டி வந்து லாரியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏறலாமா ஐயா?"

"ஏறுங்க அம்மணி, அந்தக் கம்பியப் புடிச்சுக்குங்க," என்றான் டிரைவர். அவர் ஏறி டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு பின்னால் திரும்பினார்.

"அடிபட்டப்ப வேலை நேரமா?"

"ஆமாங்க மேடம்."

"குடிச்சிருந்தீங்களா?"

மகன் வாய் திறப்பதற்குள் மருமகள், "குடிச்சிருந்தா கால நானே ஒடிச்சிருப்பனுங்க," என்றாள்.

"வேணும்னே அடி போட்டுக்கிட்டதில்லையே?"

"காலுங்க மேடம்," என்றான் மகன்.

"கம்பெனி பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லீங்க. இவ உடுல."

"அப்ப சரி," என்றார் அவர். அதைக் கடையில் உப்பு இருக்கிறது என்று சொல்வது மாதிரிச் சொன்னார். "கப்பல்ல ஒப்பந்தத்துல இருக்கறப்ப அடிபட்டா, குணமாகற வரைக்கும், இல்ல இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் கப்பல் முதலாளிதான் வைத்தியம் பாக்கணும். அதுக்கு நாள் எல்லை வெச்சிருக்காங்க, நீங்க அதுக்குள்ளதான் இருக்கீங்க. உங்க ஆபரேஷன் அவங்க பொறுப்பு."

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அம்மணி, தப்பு என் மேலதான்னு இவன் சொல்லிப் போட்டானுங்களே?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாரு. வைத்தியத்துக்கு யார் தப்புன்னு கேள்வியே கிடையாதுங்க ஐயா. அவரே கவனிக்காம விட்டிருந்தாலும் அவங்கதான் பாக்கணும்."

லாரிக்குக் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர், "அப்பறம் என்னத்துக்குடா ஊரே அழுதீங்க?" என்றான். மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு மேலே இருந்த தகரத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தான்.

எனக்கு உடனே புத்தி ஓடியது. "அப்ப மாத்திச் சொல்லிப் போடலாமுங்களா? தப்பே இல்ல, எல்லாம் நாக்கு இல்லாத அந்தக் கொக்கிதான்னு?"

வக்கீலம்மா முகம் மாறியது. "அது மட்டும் வேண்டாம் ஐயா. நடந்ததை நடந்தபடி சொன்னாப் போதும். கொக்கியில நாக்கு இல்லைன்னு முன்னாடியே யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று மகனைக் கேட்டார்.

"செகண்ட் இஞ்சினியருகிட்டச் சொன்னனுங்க. அடுத்த போர்ட்ல புதுசு வாங்கிக்கலாம்னாரு."

"அதை ஏன் கேப்டன்கிட்டச் சொல்லலை?"

"அந்த இஞ்சினியரு பையனுக்கு ஒடம்பு செரியில்லீங்க மேடம். லீவு கேட்டுட்டு இருந்தாரு. நாஞ்சொன்னா அவரு வேலைக்கு ஒல வெச்ச மாதிரி ஆயிரும்."

அது எங்களுக்கே புதுசு. முகம் தெரியாத முதலாளிக்காகச் சொன்னான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவன் சொன்னது பக்கத்தில் நின்ற மனுஷனுக்காக.

வக்கீலம்மா கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "புரியுது. நஷ்ட ஈடு கேக்கறது தனி வழி. அங்க யார் தப்புன்னு பேச்சு வரும். அப்ப இதைச் சொல்லித்தான் ஆகணும். அது மெதுவாப் போகும், போகட்டும். மொதல்ல காலு."

"நானும் அதானுங்க சொன்னேன்," என்றாள் மருமகள்.

இறங்குவதற்கு முன்னால் அவர் வேறு ஒன்றும் சொன்னார். மீன்பிடிப் படகில் விஞ்சில் கை மாட்டி விரல் போனவர்கள் நிறைய வருகிறார்களாம். விஞ்சு என்பது வலையை இழுக்கிற உருளை. அவர்களிடம் ஒப்பந்தமும் இருக்காது, எந்தப் படகில் போனார் என்பதற்கே சாட்சி தேட வேண்டியிருக்குமாம். படகு முதலாளி ஒரே தெருக்காரர் என்பதால் வாயும் திறக்க மாட்டார்களாம். "உங்க ரிக் கதைதான்," என்றார். எனக்கு ராஜஸ்தானில் கை நசுங்கியவன் ஞாபகம் வந்தது. அந்த முதலாளி நல்லவராக இருந்தார், பிழைத்தான். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அதுவரைக்கும் நினைத்ததே இல்லை.

டிரைவர் ஒரு அட்டை முட்டையை வக்கீலம்மாவின் ஸ்கூட்டரில் வைத்தான். வேண்டாம் என்றார். "ஒடஞ்சா அதுக்கும் நீங்களே கேஸ் போடுங்க," என்றான். சிரித்து வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கம்பெனிக்கு எழுதினார், கப்பல் விஷயம் பார்க்கிற சர்க்கார் ஆபீசுக்கு எழுதினார், கப்பலுக்கு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் எழுதினார். கப்பல் முதலாளிகளெல்லாம் ஒன்று சேர்ந்து, சீட்டுப் போடுகிற மாதிரி, அவர்களுக்குள்ளேயே இன்சூரன்ஸ் வைத்திருப்பார்களாம். கம்பெனி தன் சார்பாக ஒரு டாக்டரை வைத்துப் பார்க்கச் சொன்னது. அவர் காலை அமுக்கியும் திருப்பியும் பார்த்தார். மகன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவரும் சேலத்து டாக்டர் சொன்னதையேதான் எழுதிக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. நடுவில் பல நாள் ஒரு தகவலும் இல்லை. போன் அடித்தாலே என் வீட்டுக்காரி எழுந்து நின்றுவிடுவாள்.

நான் சலூனில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, இன்னொன்றில் சோப்பு. மருமகள் மில் யூனிபார்ம் சட்டையோடு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, ஒத்துக்கிட்டாங்க. கோயமுத்தூர்ல ஆபரேசன். ஆஸ்பத்திரிக்கே நேராக் கட்டிர்றாங்களாமா. நாம படுக்க வெச்சாப் போதும்."

நான் துண்டோடு எழுந்து நடந்துவிட்டேன். "ஐயா, அந்தக் கன்னம்?" என்று சவரக்காரர் பின்னால் கத்தினார். "அது கெடக்குது உடுப்பா," என்றேன். பாதி முகத்தில் சோப்போடு தெருவில் போனவனைப் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் என் வீட்டுக்காரி என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "மொகத்தக் கழுவுங்க," என்றாள்.

ஆபரேஷன் நடந்தது. இடுப்பு எலும்பு எடுத்த இடம்தான் காலைவிட வலிக்கிறது என்று அவன் திட்டிக்கொண்டே கிடந்தான். திட்டுகிறான் என்றால் தேறிவிட்டான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். பிறகு நடைபழக்குகிற பெண் ஒருத்தி வந்து அவனை விரட்டு விரட்டு என்று விரட்டினாள். "அண்ணா, கப்பல்ல இப்படித்தான் சோம்பேறியா இருந்தீங்களா?" என்பாள். முதலில் நாலு கால் கம்பி, அப்புறம் ஒற்றைக் கட்டை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் காலையில் கட்டிலில் ஆளில்லை. கட்டை மட்டும் சுவரில் சாய்ந்திருக்கிறது. மருமகள் பதறிப் பின்பக்கம் ஓடினாள். குளியலறைத் தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கிறது. "ஏனுங்க, உள்ள இருக்கறீங்களா?" என்று தட்டினாள்.

"குளிக்கக் கூட உடமாட்டியா?" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

அவள் அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்றாள். அவன் குளித்து முடித்துத் தாழ்ப்பாளைத் திறக்கும் வரைக்கும் நகரவில்லை. இத்தனை மாசமாக அவனைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான்.

இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான். கட்டை இல்லை. பட்டறையில் நின்று வெல்டிங் வைக்கிறான். நஷ்ட ஈட்டுக் கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. கொக்கி விஷயத்தை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டான். அதற்கு முன்னால் அந்த இஞ்சினியருக்குப் போன் போட்டு, "சார், சொல்லித்தான் ஆகோணும்" என்று சொல்லிவிட்டான். "சொல்லு, அதுதான் சரி" என்றாராம் அவர்.

உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ கப்பலுக்குப் போன பையன், படகுக்குப் போன பையன் யாராவது இருப்பான். இப்போது உப்புத் தண்ணீர் இல்லாத ஊரிலிருந்தும் போகிறார்கள். அவன் வீட்டில் ஒரு எட்டுப் போய்ச் சொல்லுங்கள். அடிபட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். ஒப்பந்தம் போட்டுக் கப்பலுக்குப் போனவனுக்கு வைத்தியம் பார்ப்பது யாரோ இரக்கப்பட்டுச் செய்வது அல்ல, அது அவனுக்குச் சேர வேண்டியது. கால் சேருகிற வரைக்கும் எதிலும் கையெழுத்து வேண்டாம். படகுக்காரன் என்றால், எந்தப் படகில் போகிறான் என்று நாலு பேருக்குத் தெரியும்படி போகட்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் தெரிந்த வக்கீலிடமே போகட்டும், அவர் கப்பல் கேஸ் பார்க்கிறவரைக் காட்டிவிடுவார். நான் பேச ஆரம்பித்தால் சுற்றி வளைப்பேன், ரிக்கையும் கல்யாணச் சோற்றையும் இழுப்பேன். நீங்கள் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். கேட்டவர்களையும் இன்னொரு வீட்டில் சொல்லச் சொல்லுங்கள்.